மச்சில் சுவர் இல்லை

தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்ஜியத்தோடு சேரவேண்டும் என்று தக்கலையில் ஊர்வலம் போன வருஷத்தில்தான் பகவதியப்பனும் தம்பி தாணுலிங்கமும் பாகம் பிரிந்தார்கள். வீட்டுக்கு நடுவே செங்கல் சுவர் எழுந்தது. அண்ணன் தன் பக்கத்துச் சன்னல்களுக்குப் பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்தான். தம்பியின் கண்ணை உறுத்தத்தான். ஆனால் சுவர் மரத்தட்டோடு நின்றுவிட்டது. தட்டுக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே இருந்த மச்சு இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே கிடந்தது.

அங்கேதான் இருவரும் அவரவர் பக்கத்தில் கும்பப்பூ என்னும் மாசி அறுப்புக்கான விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டி வைத்திருந்தார்கள். புரட்டாசி பிறந்ததும் தாணுலிங்கத்தின் கோட்டை ஒன்றில் ஓட்டை விழுந்திருந்தது. கீழே உமி.

"பெருச்சாளியாக்கும்," என்றாள் மனைவி ஞானம்.

"சும்மா கெட ஏட்டி. பெருச்சாளி மண்ணைத் தோண்டும், மச்சு ஏறாது."

"அப்பம் அணிலு."

"அணிலு பகல்லதான் திங்கும். இது ராத்திரியில்லா உருட்டுது."

ஏணி வைத்து ஏறி, பலகைமேல் சாம்பல் தூவினான். மறுநாள் புழுக்கைகளை வாரி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சீரகம்போல் இருந்தால் சுண்டெலி. இவை நெல்லைவிட நீளம். சாம்பலில் நீண்ட வால் இழுபட்ட கோடு. கூரை எலி, அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கோடு அண்ணன் பக்கத்திலிருந்து வந்திருந்தது.

"அவனுக்க எலியாக்கும் எனக்க விதையத் திங்குது."

"எலி மேல பேரா எழுதி ஒட்டியிருக்கு?"

"ஒட்டிட்டாப் போச்சு."

அண்ணனை ஊர்க்கூட்டத்தில் தலைகுனிய வைத்தே தீருவது என்று கோட்டாற்றுச் சந்தைக்குப் போய் எலி பிடிக்கும் கூடு வாங்கி வந்தான். விழுந்த எலிகளைக் கொல்லவில்லை. கோணியால் அமுக்கி, வண்டிச் சக்கரத்துக்குப் பூசும் சிவப்புப் பெயின்டை வாலில் தடவி, அண்ணன் பக்கத்தில் விட்டான். சிவப்பு வால் திரும்பி வந்து விழுந்தால், அதைக் கூட்டோடு தூக்கிப்போய்க் கூட்டத்தின் நடுவில் சாட்சியாக வைக்கலாம். வராவிட்டால் இன்னும் நல்லது. அண்ணன் விதையைத் தின்று கொழுக்கட்டும்.

"கொல்லாம விடுதியோ, நாளைக்கு விதைக்க என்ன செய்வியோ?" என்றாள் ஞானம்.

"எலி செத்தா எனக்கு ஆத்திரம் தீருமாட்டி? அவன் அனுபவிக்கணும்."

நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட வேண்டிய நாள் காலையில் ஒரு சிவப்பு வால் விழுந்தது. தாணுலிங்கம் சிரித்துக்கொண்டே கூட்டை வெயிலுக்குக் கொண்டுவந்தான். சிரிப்பு அப்படியே நின்றது. சிவப்புக்கு மேலே, வால் முதுகோடு சேரும் இடத்தில், பளபளவென்று நீலம்.

அண்ணன் சன்னலைப் பார்த்தான். அதே நீலம்.

மச்சுக்கு ஓடி ஏறிக் கோட்டைகளைத் தூக்கினான். வெறும் வைக்கோல்தான் கையோடு வந்தது. எதிர்ப்பக்கத்தில் பகவதியப்பன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, சிவப்பு உனக்க வேலையா?"

"நீலம் உனக்கதுதானே?"



"விதை மிச்சம் இருக்கால?" என்று கேட்டான் அண்ணன்.

"ஒரு மணி இல்லே. உனக்கு?"

பகவதியப்பன் தன் கோட்டையை உதறிக் காட்டினான். உமி பறந்தது.

பாகம் பிரிந்தபிறகு தாணுலிங்கம் கண்ணாரக் கண்ட முதல் நல்ல காட்சி அது.

கீழே இறங்கியதும் ஞானம் கேட்டாள், "இனி வயலு தரிசாத்தானே கெடக்கும்?"

"அவனுக்கதும் தரிசுல்லாட்டி!"

கூட்டை எலியோடு எடுத்துக்கொண்டு மறுபடி மச்சுக்கு ஏறினான். அதன் கதவை அண்ணன் பக்கம் திருப்பி வைத்துத் திறந்துவிட்டான்.