மாமனார் கையில் சிக்கிய சோலார் கடன்

என் மாமனார் பேங்கில் கடன் பிரிவு மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். உத்தியோகம்தான் போனதே தவிர, உள்ளே இருக்கும் மேனேஜர் போகவில்லை. பேரன் சைக்கிள் கேட்டால்கூட, "திருப்பிக் கட்ட வழி இருக்கா?" என்பார்.

நான் வீட்டின் முன்னறையில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். நாள் பூராவும் மெஷின் ஓடும், இஸ்திரிப் பெட்டி சூடாகவே இருக்கும். சம்பாதிப்பது நான், சாப்பிடுவது கரண்ட் பில். மொட்டைமாடியில் சோலார் போடாவிட்டால் கடையை மூடிவிட்டு பழைய முதலாளியிடமே வேலைக்குப் போக வேண்டியதுதான். அந்த ஆள் மூஞ்சியில் இனி முழிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தவள் நான்!

மொத்தமாகப் பணம் போட வசதியில்லை. கம்பெனியே பேனலை மாட்டிவிட்டு மாத வாடகை வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்று இருந்தது. மாமனார் அதை வரி விடாமல் படித்தார்.

"கூரை நம்மது, மேல இருக்கறது அவனுது. நாளைக்கு ஒழுகினா யார் சட்டையப் பிடிப்பே?" என்று ஒரே போடாகப் போட்டார்.

மிச்சம் இருந்தது பேங்க் லோன். வீடு மாமனார் பேரில் இருந்ததால், பேங்க் ஆபீஸர் பார்க்க வரும்போது அவரும் இருந்தாக வேண்டும்.

"மாமா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். கையெழுத்து மட்டும் போடுங்க, வாயத் திறக்காதீங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தலையாட்டினார்.

ஆபீஸர் வந்தார், தங்கமான மனுஷர். "மாடில நிழல் ஏதும் விழுதாம்மா?" என்றார்.

"சுத்தமா இல்ல சார்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "மத்தியானத்துக்கு மேல தண்ணித் தொட்டி நிழல் பாதி மாடிக்கு விழும்."

"மாமா!"

"கடை வருமானம் எப்படி?" என்றார் ஆபீஸர்.

"நல்லா வருது சார்" என்று நான் முடிப்பதற்குள், "பாதிப் பேர் கடன் சொல்லிட்டுத்தான் துணிய வாங்கிட்டுப் போறாங்க" என்ற மாமனார், ஆபீஸர் மடியிலிருந்த ஃபைலையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நானா இருந்தா இதை ரிஜெக்ட் பண்ணிருப்பேன்."

மேலே கேட்டுச் சொல்வதாக ஆபீஸர் எழுந்து போனார். எனக்கு வந்ததே கோபம்! "எதிரிகூட இப்படிப் பண்ண மாட்டான் மாமா" என்று சொல்லிவிட்டு, ஈரத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அவர் அன்று சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மாடியில் தடதடவென்று சத்தம். ஓடிப் பார்த்தால், பனியனோடு மாமனார். பிளம்பரோடு சேர்ந்து தண்ணீர்த் தொட்டியை நிழல் விழாத மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க இறங்கி வந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரே என்னை உட்காரச் சொன்னார்.

"என் டெபாசிட்ட உடைக்கிறேன். அதுல எனக்கு வர்ற வட்டிய நீ குடு, போதும். ஆனா ஜாமீன் யாரு?"

"நான்தான்" என்றார் மாமியார் அடுக்களையிலிருந்து. "மேல பேசினா உங்களுக்குக் காபி கிடையாது."

அந்த நேரம் பார்த்து ஆபீஸரிடமிருந்து போன். வீட்டுக் குறையை வீட்டுக்காரரே சொல்லி இப்போதுதான் கேட்கிறாராம். அந்த நேர்மைக்காகவே லோன் சாங்ஷன்! சோலாருக்கென்று அரசாங்கம் தரும் சலுகை வட்டியாம்; எவ்வளவு என்று கேட்டு மாமனாரிடம் சொன்னேன். துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டவர் முகம் தொங்கிப்போனது.

"என்னோடதவிட அவங்களுது கம்மிம்மா. அதையே வாங்கிக்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

இந்த மனுஷனுக்குத் தனக்காகக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே! எனக்கு மனசு இளகிவிட்டது.

"சார், மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டு மேனேஜர்கிட்டயே வாங்கிக்கிறேன்" என்றேன் போனில்.

"எங்க வட்டி கம்மியாச்சேம்மா?"

"கம்மிதான் சார். உங்க பேங்க்ல யாராவது தண்ணித் தொட்டிய நகர்த்திக் குடுப்பாங்களா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "பொறுப்பில்லாத முடிவு. நானா இருந்தா இதை..." என்று ஆரம்பித்தார்.

"காபி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமனார் வாயை மூடிக்கொண்டு, டெபாசிட்டை உடைக்கும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.