தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

பதுங்கிடப் பட்டியலை மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டும் வேலையையும் சந்திரமதியிடமே கொடுத்திருந்தார்கள். உட்கார இருபத்தாறு கதிரைகள், இருபத்தாறு பெயர்கள். நாலு மூலைக்கும் நாடா ஒட்டி, கோணாமல் நிமிர்த்தி வைத்த பிறகுதான் அவள் அதை வாசித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. அவளுடைய பெயரும் இல்லை, அவள் புருஷன் இராஜதுரையின் பெயரும் இல்லை. பதினேழாவது இடத்தில் ஆர்கோ என்று இருந்தது. ஆர்கோ நான்காம் மாடி நாய்.

பலேர்மோ நகரத்தில், பொலித்தேயாமா அரங்குக்கும் துறைமுகத்துக்கும் இடையே, காற்றுத் திரும்பினால் போர்கோ வெக்கியோச் சந்தையின் மீன் வாடை படியேறி வரும் ஒரு தெருவில் இருந்தது அந்த ஐந்து மாடிக் கட்டடம். பதினொரு வருஷமாக அவள் அதற்குப் போர்த்தியேரா. வாசல் காப்பதும், படி கழுவுவதும், கடிதம் வாங்கி வைப்பதும், குப்பை இறக்குவதும் அவள் பாடு. சந்திரமதி என்ற பெயர் தங்கள் நாக்குக்குள் அடங்காது என்று முதல் வாரமே சாண்ட்ரா என்று வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். அவளும் போகட்டும் என்று விட்டிருந்தாள். பெயரைச் சுருக்கினாலும் ஆளைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்ததுதான் அவள் விட்ட பிழை.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் தொலைக்காட்சியில் ஒரே பேச்சு. ரஷ்யாவின் ட்ரோன்கள், எல்லையோர நாடுகள், படைகள், மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் வீட்டில் இருக்கிறதா என்ற கேள்வி. திராப்பனி விமானத்தளப் பக்கமிருந்து போர் விமானங்கள் வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல் போய்வந்தன. எல்லோரும் கொஞ்சம் பயந்தார்கள். நான்காம் மாடி சிஞ்ஞோரா ஜூலியா மட்டும் பயத்தை ஒரு பதவியாக்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியைக்குப் பத்து வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு வகுப்புக் கிடைத்தது, விடுவாரா? கட்டடத்துக் கூட்டத்தைக் கூட்டி, நிலவறையைப் பதுங்கிடமாக்கத் தீர்மானம் போட்டுவிட்டார்.

உலகப் போரில், நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குண்டுவீச்சில் அந்த நிலவறைதான் தெருவுக்கே பதுங்கிடமாக இருந்ததாம். வழிகாட்டும் கறுப்பு அம்புக்குறி சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. போர் முடிந்த பின் யாரோ அதை வைன் பீப்பாய் அடுக்கும் இடமாக்கி, கள்ளருக்குப் பயந்து இரும்புக் கதவின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றிப் பொருத்திவிட்டார்கள். உள்ளே பூட்டும் பழைய கொளுவி துருவேறி இறுகிப் போயிருந்தது. பிரான்காச்சோவிலிருந்து வந்த இரும்பு வேலைக்காரர் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கதவையே மாற்ற வேண்டும் என்றார். மாற்றுவோமா என்று கூட்டத்தில் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை.

"அதற்கென்ன, சாண்ட்ரா வெளியிலிருந்து பூட்டுவாள்" என்றார் சிஞ்ஞோரா ஜூலியா. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். குண்டு விழும் நேரத்தில் அந்தச் சாண்ட்ரா கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சந்திரமதி கூட்டத்தின் பின்பக்கம் கோப்பித் தட்டோடு நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒரே போர்ப் பாடம் பதுங்கிடம்தான். அதைத் தெரியாதவர்கள் பிழையாகச் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு வாய் வேண்டும், சிஞ்ஞோரா. ஒரு வாய் அடைபட்டால் மற்றதால் வரலாம். படியும் நேரே இறங்கக் கூடாது. ஒரு திருப்பம் இருக்க வேண்டும். சிதறுகிற துண்டுகள் திருப்பத்தில் வளைந்து வராது."

"இது ஸ்ரீலங்கா இல்லை, சாண்ட்ரா" என்றார் ஜூலியா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"அப்போது நானும் என் கணவரும் எங்கே இருப்பது?"

"உங்களுக்குத்தான் கீழே அறை இருக்கிறதே."

அவர்கள் குடியிருந்த அந்த வாசல் அறையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. கூரையிலிருந்து தரைவரை தெருவைப் பார்த்த கண்ணாடி. குண்டு பக்கத்துத் தெருவில் விழுந்தாலே போதும், அது எத்தனை துண்டாகும் என்று சந்திரமதிக்குத் தெரியும். அவள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய், ஒன்றை வேண்டுமென்றே தொட்டிக்குள் போட்டு உடைத்தாள்.

இராஜதுரையிடம் சொன்னபோது அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான். உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவி, கால் வீங்கி வருகிற மனுஷன்.

"விடும் சந்திரா. சண்டை இஞ்சை வராது. வராத சண்டைக்கு நீர் ஏன் கதிரை கேக்கிறீர்?"

"வராத சண்டைக்கே எங்களைக் கழிச்சுப் போட்டினம் எண்டால், வந்தால் என்ன செய்வினம்?"

"உவையோடை கொழுவிச் சண்டைக்குப் போனால் இந்த அறையும் போகும். பிறகு எங்கை போறது?"

"நாய்க்குக் கதிரை கிடக்கு. உங்களுக்கு இல்லை. உங்களுக்கு ரோசமே வராதோ?"

"ரோசத்தை வைச்சுக் கொண்டு வாடகை வீடு தேடேலாது" என்று இராஜதுரை கட்டிலில் சரிந்துவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவள் ஆத்திரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, இலங்கையில் கோண்டாவிலில், அவளுக்குப் பதினாலு வயது. முற்றத்தில் அவர்கள் வெட்டியது 'ட' வடிவப் பங்கர். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கியது. பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை. ஆறு வருஷம் முகம் பார்த்துக் கதைத்ததில்லை, வழக்குக்கூட நடந்தது. பொம்பர் விமானம் இரையும் சத்தம் கேட்டால் அந்த வேலியின் பொட்டு ஓட்டைக்குள்ளாலேயே அந்த வீட்டார் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். சந்திரமதியின் தகப்பன்தான் வாசலில் நின்று அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளுவார். உள்ளே முழங்காலோடு முழங்கால் முட்ட ஒருவரும் கதைக்காமல் இருப்பார்கள். பொம்பர் போனதும் வெளியே வந்து மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி முகத்தை முறித்துக்கொண்டு போவார்கள். பங்கர் வாசலில் யாரும் யாரிடமும் பெயர் கேட்டதில்லை. தெருவால் போன சைக்கிள்காரர்கூட உள்ளேதான் இருந்தார்.

முதலாம் மாடியில் தொண்ணூறு தாண்டிய கிழவர் ஒருவரைப் பராமரித்த ஹலீனாவின் பெயர் பட்டியலின் முதல் பிரதியில் இருந்தது. பிறகு பேனாவால் அடிக்கப்பட்டது. அவள் படிக்கட்டில் போனில் ரஷ்ய மொழியில் கதைத்ததை யாரோ கேட்டுவிட்டார்களாம். அவளோ கார்க்கிவ் நகரத்து உக்ரைன்காரி. அங்கே பாதி ஊர் அந்த மொழிதான் பேசும். அவளுடைய தங்கைதான் நாலு வருஷமாக ரஷ்யக் குண்டுக்கு ஒதுங்கித் திரிகிறாள். இதை எல்லாம் சிஞ்ஞோரா ஜூலியாவிடம் சொன்னாளா என்று சந்திரமதி கேட்டாள்.

"எதற்கு?" என்றாள் ஹலீனா. அவள் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. "என் கிழவர் நாற்பத்துமூன்றில் அந்தக் குழிக்குள் இருந்தவர். இனிச் செத்தாலும் இறங்கமாட்டேன் என்கிறார். நான் அவரோடு மேலே இருப்பேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. சந்திரமதிக்கு ஜூலியா தன் கைப்பட ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். பத்துக்குப் பூட்டு. பத்தரைக்குத் திற. அபாய ஒலி கேட்டால், நாங்கள் சொல்லும்வரை திறக்காதே. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், டார்ச் லைட், விளையாட்டுச் சட்டை. சுற்றுலா போகிற களை. ஆர்கோ ஜூலியாவின் கையில் வந்தது. கதவு மூடினால் உள்ளே போனில் சிக்னல் வராது, அதுவும் நல்ல பயிற்சிதான் என்று ஜூலியா வகுப்பெடுத்துக்கொண்டே போனார். காற்று வருவதற்கு முற்றத்துப் பக்கம் துவாரம் ஒன்று இருந்தது. எழுபது வருஷத்துக் குப்பையை அதிலிருந்து தோண்டி எடுத்தவள் சந்திரமதிதான். கதிரைகளைத் துடைத்து வரிசைப்படுத்தியவளும், மூலையில் வாளியையும் திரையையும் வைத்தவளும் அவள்தான்.

பூட்டினாள். தாழ்ப்பாளுக்கு அவளே எண்ணெய் விட்டிருந்ததால் சத்தமே இல்லாமல் போய் விழுந்தது.

மேலே வந்து தேத்தண்ணி வைத்தாள். ஹலீனாவும் இறங்கி வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். கிழவர் தூங்குகிறாராம். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஆட்கள் மேல் கோபம் இருந்ததால் பேச்சுக்குத் தேவையும் இருக்கவில்லை.

"உங்கள் ஊரில் எங்கே ஒதுங்குவார்கள்?" என்று சந்திரமதி கேட்டாள்.

"வீட்டுக்குள், நடைவழியில். வெளிக்கும் உனக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்க வேண்டும். முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது துண்டுகளை வாங்கும்."

சந்திரமதி தலையாட்டினாள். 'ட' வடிவம் என்பதும் அதுதான்.

பத்தரைக்கு ஒரு நிமிஷம் இருக்க இருவரும் நிலவறைப் படியில் இறங்கினார்கள். வெளியே வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஹலீனா கூட வந்தாள். சந்திரமதி தாழ்ப்பாளைப் பிடித்துப் பாதி இழுத்தாள்.

அப்போதுதான் ஹலீனாவின் சட்டைப்பையில் சைரன் அலறியது.

தங்கையின் ஊருக்கு விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் அடிப்பதற்கென்று போனில் வைத்திருந்த செயலி அது. நாலு வருஷமாக அவள் அதை அணைத்ததில்லை, சத்தத்தைக் குறைத்ததுமில்லை. மேலே என்றால் அது வெறும் போன் சத்தம். அந்த ஒடுங்கிய கல் படிக்கட்டில் அது ஊரையே எழுப்பும் சங்காகக் கேட்டது. உள்ளே கதிரைகள் விழுந்தன. நாய் குரைத்தது. யாரோ அழத் தொடங்கினார்கள்.

பயப்படாதீர்கள், இது போன் என்று சொல்லத்தான் அவள் வாய் திறந்தாள். சத்தியமாக அதைத்தான் சொல்லப் போனாள். அதற்குள் உள்ளேயிருந்து சிஞ்ஞோரா ஜூலியாவின் குரல் வந்துவிட்டது.

"திறக்காதே! சாண்ட்ரா, திறக்காதே!"

அவள் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. ஹலீனா போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சைரன் இன்னும் ஓயவில்லை.

"சிஞ்ஞோரா, நாங்கள் இரண்டு பேர் வெளியே நிற்கிறோம். நானும் ஹலீனாவும். உள்ளே வரட்டுமா?"

உள்ளே ஒரு ஆண்குரல், இரண்டு பேர்தானே, என்று முணுமுணுத்தது. வேறு யாரோ அதட்டி அடக்கினார்கள். சந்திரமதி காத்திருந்தாள். தன் தகப்பன் சைக்கிள்காரரை இழுத்துப் போட்ட நேரத்தைவிட அது நீண்ட நேரம்.

"பட்டியலின்படிதான், சாண்ட்ரா" என்றார் ஜூலியா. குரல் நடுங்கினாலும் சொல் நடுங்கவில்லை. "தாழ்ப்பாளை நன்றாகப் போடு. நாங்கள் சொல்லும்வரை திறக்காதே."

சைரன் ஓய்ந்தது. உள்ளே, அபாயம் முடிந்து ஓய்ந்ததா, ஊதுகிறவனே செத்து ஓய்ந்ததா என்று தெரியாமல் ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. ஹலீனா சந்திரமதியைப் பார்த்தாள். தோளை ஒருமுறை உயர்த்தி இறக்கினாள்.

சந்திரமதிக்குப் பதினொரு வருஷத்து ஆத்திரமும் ஒன்றாக எழுந்தது. அழுகையாக வந்திருந்தால் அழுதிருப்பாள். வரவில்லை.

"சரி, சிஞ்ஞோரா" என்றாள்.

பாதி இழுத்த தாழ்ப்பாளை மறுபடி உள்ளே தள்ளினாள். நன்றாகப் போடச் சொன்னதால் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினாள். பிறகு இருவரும் படியேறினார்கள். தங்கை வீட்டு நடைவழியில், இரண்டு சுவருக்கு நடுவே, பத்திரமாக இருப்பதாகச் செய்தி வந்தது. ஹலீனா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கிழவரிடம் போனாள்.

பதினொன்றரைக்கு இராஜதுரை பல்லரோச் சந்தையிலிருந்து இரண்டு பை மரக்கறியோடு வந்தான். கட்டடத்தில் ஒரு சத்தம் இல்லை. சந்திரமதி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஜூலியாவின் தாள் விரித்திருந்தது.

"என்னப்பா, ஒருத்தரையும் காணேல்லை? பத்தரைக்கு முடியுமெண்டல்லோ சொன்னவை?"

"ஓம். இன்னும் பங்கருக்கைதான் இருக்கினம்."

"இன்னுமோ? கதவைத் திறந்து விடேல்லையோ நீர்?"

"திறக்கத்தான் போனனான். திறக்க வேண்டாமெண்டு அவைதான் கத்தினவை."

இராஜதுரை பைகளைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ விளங்கத் தொடங்கியது.

"அப்ப எப்பதான் திறக்கப் போறீர்?"

சந்திரமதி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

"சண்டை முடியட்டும்" என்றாள்.