தங்குதடையின்றி

சுகிர்தாவுக்கு நல்லது செய்ய அந்தக் காரைக்கால் தெருவே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது. தலைமன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியவள். அங்கே அவள் புருஷனை வீடு புகுந்து தூக்கிப்போனவர்கள் அவளையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அகதியாகப் பாதுகாப்பு கேட்டு அவள் போட்ட மனு சென்னையில் அதிகாரிகளிடம் கிடந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிவு வரும்வரை இருக்கட்டும் என்று ஐரேன் தன் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள் போலகத்து வயல் அரிசியைக் கொடுத்தனுப்பினாள். மண்டபத்தூர் மீன்காரி சுகிர்தாவிடம் மட்டும் கறாராக விலை சொல்வதில்லை.

விசாரணைக்கு அழைப்பு வந்ததும் ஐரேன் பொறுப்பைக் கையில் எடுத்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் காரைக்கால் குடும்பம் அவளுடையது. பூட்டன் பெயர் என்ன, என்றைக்குப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதிக்கொடுத்துக் குடியுரிமை வாங்கினார் என்று பிரெஞ்சு கொன்சுலேட்டில் கேட்பார்கள், திக்கினால் போச்சு. அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே அதைத்தான் மனப்பாடம் செய்யும். விசாரணை என்றால் ஐரேனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

முதல்நாள் சுகிர்தா சொன்னதில் கோர்வையே இல்லை. நாய் குரைத்ததைச் சொன்னாள், அடுப்பில் கருகின ரொட்டியைச் சொன்னாள், அவர்கள் கதவைத் தட்டியது வரை வந்து விம்மி நின்றுவிட்டாள்.

"இப்படித் திக்குனா நம்ப மாட்டாங்கம்மா. மொதல்லேர்ந்து சொல்லு," என்றாள் ஐரேன்.

தினமும் மத்தியானம் பாடம் நடந்தது. சொர்ணாம்பாள் அதிகாரியாக மிடுக்காக உட்கார்ந்து, "எத்தன பேரு வந்தாங்க?" என்று மிரட்டுவாள். நாயும் ரொட்டியும் வேண்டாத சங்கதிகள் என்று தள்ளப்பட்டன. அழுகை குறைந்தது, வேகம் கூடியது. ஒருநாள் இறால் உரித்துக்கொண்டே முழுவதையும் மடமடவென்று சொல்லி முடித்த சுகிர்தா, "உப்புப் போட்டாச்சோ அன்ரி?" என்று கேட்டாள். தெருப் பெண்கள் கைதட்டினார்கள். ஐரேன் அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

சென்னையில் நடந்த விசாரணையில் சுகிர்தா ஓரிடத்திலும் திக்கவில்லை. முடிவு மழைக்காலத்தில் வந்தது. மனு தள்ளுபடி. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார், அனுபவித்தவர் பேச்சாகத் தெரியவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். மேல்முறையீடு செய்யலாமாம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று யாரை நோவது? பிடித்த கை ஐரேனுடையது.

"இன்னொரு தடவ கேப்பாங்க சுகிர்தா. நான் சொல்லிக் குடுத்ததையெல்லாம் மறந்துடு. மனசுல உள்ளதச் சொல்லு, அழுக வந்தா அழுதுடு. எங்கே, இப்ப சொல்லு பாப்போம்."

சுகிர்தா தொடங்கினாள். அதே வரிசை, அதே வேகம். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை; வாய் தன்பாட்டுக்கு ஓடி முடித்துவிட்டது. முடிந்தபின் அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

"அழுகை வரேல்லை அன்ரி," என்றாள். "அவர்ட முகமும் முந்தி மாதிரி வரேல்லை. எந்த இடத்தில அழோணும் எண்டு நீங்களே சொல்லித் தாங்கோ. நான் பழகுறன்."