விட்டு வைத்த இரண்டு வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வைத்திய அத்தியட்சகரின் அறையில் கூடியிருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்கு அந்தப் பக்கம், ஒழுங்காகச் சுழலும் ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே, அத்தியட்சகர் டொக்டர் மசூர். அவருக்கு வலப்புறம், கைப்பையை மடியில் வைத்தபடி தாதியருக்குத் தலைவியான மேற்றன் தங்கேஸ்வரி. யன்னலோரக் கதிரையில், இரண்டு கைத்தொலைபேசிகளையும் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு டொக்டர் ஸாஜித். கதவுக்குப் பக்கத்து பிளாஸ்டிக் கதிரையில் தாதி சரீபா. அந்தக் கதிரையை அவளுக்கு யாரும் காட்டவில்லை. பதினொரு வருடமாக அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைசெய்ததில், எந்த அறைக்குள் போனாலும் எழும்பி ஓட வசதியான இடத்தை அவள் கண் தானாகத் தேடிப் பழகிவிட்டது.

மேசையில் சுகாதார மேலிடத்திலிருந்து வந்த இரண்டு கடிதங்கள் கிடந்தன. மேலே கிடந்தது அவளைப் பற்றியது. டிசம்பர் ஒன்பதாந் திகதி பிற்பகல் 2.40க்கு, வைத்தியரின் கட்டளையின்றி நோயாளி ஒருவருக்குச் சுவாசக் குழாய் செலுத்தியமை பற்றிப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூல விளக்கம் தரவேண்டும். தவறினால் ஒழுக்காற்று விசாரணை, வேலைநீக்கம் வரை போகலாம். இன்று பன்னிரண்டாம் நாள்.

"பயப்படாதீங்க புள்ள," என்றார் மசூர். "ஆள் சாகல்ல. சொந்தக்காரர் முறைப்பாடும் வைக்கல்ல. பதிவு பாக்க வந்த ஆக்கள் நோயாளிட டிக்கட்டப் பிரட்டிக் கண்டுபிடிச்ச விசயம். ஒரு வரியில முடிச்சிரலாம்."

"நான் வாயால செல்லித்தான் சரீபா மிஸ் செஞ்சாங்க, அத எழுத நான்தான் மறந்தண்டு கடிதம் தாறன் சேர்," என்றார் ஸாஜித். "மறதிக்கு என்னைய என்ன செய்யப் போறாங்க? ஏசுவாங்க. ஏசட்டும்."

"அவர் தாறார், வாங்கிக் கொள் புள்ள," என்றாள் மேற்றன். "உன்ட வேலை போனா அந்த ஆறு கட்டிலயும் நானா வந்து பாக்கிற? எனக்கு முழங்கால் மடங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். சரீபாவும் சிரித்தாள். ஆனால் கதிரைக்குக் கீழே அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

இவர்கள் பேசியது முழுவதும் ஒரு சின்னப் பழக்கத்தைச் சுற்றித்தான். அந்தப் பிரிவில் ஒரு காலத்தில் மூன்று டொக்டர்மார் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் ஒருவர் இங்கிலாந்துக்கும் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சிய ஸாஜித்தைச் சத்திரசிகிச்சைக் கூடமும் மயக்க மருந்து கொடுக்கக் கூப்பிட்டது. அவர் அங்கே நிற்கும்போது இங்கே ஒருவருக்கு இரத்த அழுத்தம் விழும். தாதி மருந்தைக் கூட்டுவாள். பிறகு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடான டிக்கட்டில் இரண்டு வரியை வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே தான் செய்ததை எழுதுவாள். பின்னேரம் டொக்டர் வந்து, அந்த இரண்டு வரியில் கட்டளையை எழுதி, முந்திய நேரத்தைப் போட்டு ஒப்பம் வைப்பார். இப்படிச் செய் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. புதிதாக வரும் பிள்ளைகூட மூன்றாம் நாளே வரி விடப் பழகிவிடும். இதில் சரீபா கெட்டிக்காரி. அவள் விடும் இடம் ஸாஜித்தின் எழுத்துக்கு அளவெடுத்ததுபோல இருக்கும்.

டிசம்பர் ஒன்பதாந் திகதி மட்டும் அவள் வரி விட மறந்துபோனாள்.

அன்று நாலாம் கட்டிலில் காரைதீவு ஜீவராஜ். வயலில் இறங்கி எலிக்காய்ச்சல் பிடித்து, நுரையீரலில் இரத்தம் கசிந்து, வென்டிலேட்டரில் கிடந்தான். 2.40க்கு அவனுடைய குழாய்க்குள் இரத்தக் கட்டி அடைத்தது. உறிஞ்சும் குழாய் இறங்க மறுத்தது. ஒட்சிசன் தொண்ணூற்றுநான்கிலிருந்து எழுபத்தொன்றுக்கு விழுந்தது. சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு அழைத்தபோது அங்கிருந்த ஒரு குரல், "வயித்த வெட்டியாச்சு, புள்ள இன்னும் வெளிய வரல்ல, டொக்டர் வர ஏலாதாம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சரீபா அடைபட்ட குழாயைக் கழற்றினாள். முகமூடி வைத்துக் கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தாள். வாய் நிறைய இரத்தம், காற்று இறங்கவில்லை. அறுபத்திரண்டு. புதுக் குழாயை எடுத்தாள்.

உள்ளே போட்டாள். அவன் பிழைத்தான். கையுறையைக் கழற்றியதும், மேலே எழுதியிருந்த குறிப்புக்கு ஒட்டிக் கீழேயே அத்தனையையும் எழுதினாள். அத்தனையும் என்றால், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுதான் ஒரு மாதமாக அவளைச் சோற்றில் கைவைக்க விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது.

"மத்தக் கடிதம் என்ன சேர்?" என்று கேட்டாள். கேட்க வேண்டுமென்று நினைத்துக் கேட்கவில்லை. கதிரையில் இருக்க முடியாமல் வாயில் வந்தது.

"அது பழைய பாட்டு. ரெண்டு டொக்டர் தாங்கண்டு கேட்டன். இல்லையாம்." மசூர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'உங்கள் பிரிவின் பதிவுகளின்படி இருபத்துநான்கு மணிநேரமும் வைத்தியக் கட்டளைகள் உரிய நேரத்தில் ஒப்பமிடப்பட்டுள்ளன. ஆகவே ஆளணிப் பற்றாக்குறை உறுதிப்படவில்லை.'"

சரீபாவின் கால் ஆட்டம் நின்றது.

உரிய நேரத்தில். அவள் விட்ட வரிகள். அவள் அழகாக, அளவாக, யாரும் சந்தேகப்படாதபடி விட்டு வைத்த வரிகள்.

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நேரம் தாங்க சேர்," என்று எழும்பினாள்.

நடைபாதையில் ஸாஜித் பின்னாலேயே வந்தார்.

"மிஸ், நீங்க என்ன யோசிக்கிறீங்கண்டு வெளங்குது. வேணாம்."

"என்னத்த யோசிக்கிறன்?"

"'நானே செஞ்ச'ண்டு எழுதப் போறீங்க. எழுதினா ரெண்டு பக்கமும் அடி. எங்கட டொக்டர் சங்கத்துக்காரன் செல்லுவான், நேர்ஸ் மிஸ்மார் டொக்டர்ட வேலையப் புடிக்காங்கண்டு. மேலிடத்தான் செல்லுவான், ஆ, மிஸ்மாருக்கே ஏலுமெண்டா டொக்டர் என்னத்துக்குண்டு. மறுகா ஆறு கட்டிலயும் உங்கட தலையில கட்டிட்டுப் போயிருவான்."

"அப்ப உங்களுக்கு அவுஸ்திரேலியாக்குப் போக லேசு."

"நக்கலா? ஃபோர்ம் நிரப்பி ஆறு மாசமாச்சு. அனுப்பத்தான் மனசு வருகுதில்ல." ஸாஜித் நெற்றியைத் தேய்த்தார். "போன கிழமை அந்த ஜீவராஜ் கிளினிக்குக்கு வந்தான். என்ட கையப் புடிச்சி, 'டொக்டர், உங்களாலதான் உசிரோட நிக்கன்'ண்டு அழுறான். ரெண்டு இளநி வேற."

"ஒண்ட எனக்குத் தந்தீங்கதானே."

"குடிக்கக்குள்ள தொண்டையால எறங்கல்ல மிஸ். மெய்யாத்தான். நீங்க செஞ்சது சின்ன விசயமில்ல."

சரீபா நின்றாள். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்தாள்.

"முதல் தரம் வயித்துக்குள்ள போச்சு டொக்டர்."

ஸாஜித் கிட்ட வந்தார்.

"சாப்பாட்டுக் குழாய்க்குள்ள போட்டுட்டன். பைய அமுக்க வயிறு ஊதிச்சு. கண்டுட்டுக் கழட்டின. இருபது செக்கன். புது மிஸ் உசாந்தினி எண்ணிக்கொண்டு நிண்டாள். டிக்கட்டுல அத எழுதல்ல."

"எனக்கும் அப்படிப் போயிரிக்கி," என்றார் ஸாஜித் மெதுவாக. "படிச்ச காலத்துல. ஆனா எனக்குப் பக்கத்துல ஒரு பெரிய டொக்டர் நிண்டார்."

"எனக்குப் பக்கத்துல உசாந்தினி நிண்டாள். வேலைக்கு வந்து எட்டாம் மாசம். நாளைக்கு நான் லீவுல நிண்டா, 'சரீபா மிஸ் செஞ்சாதானே'ண்டு அவள் அந்தக் குழாய எடுப்பாள்."

"அத மட்டும் எழுதிராதீங்க மிஸ். உங்களத் திண்டுருவாங்க." பிறகு வேறு குரலில் சொன்னார்: "அதோட, வரி விட்ட கதைய எழுதினா என்ட ஒப்பமும் வெளிய வரும்."

"ஓம்," என்றாள் சரீபா. "அதுதான் எனக்கும் கை ஓடுதில்ல."

அடுத்த நாள் அவளுக்கு லீவு. காலையில் அரிசியை இரண்டு தரம் கழுவினாள். பகல் ழுஹர் தொழுதுவிட்டு மேசையில் இருந்தாள். முதலில் கூட்டத்தில் சொன்னபடியே எழுதிப் பார்த்தாள். திகதியைப் போட்டாள். பெயர், பதவி, இலக்கம். பிறகு "டொக்டர் ஸாஜித் அவர்களின் வாய்மொழிக் கட்டளைப்படி" என்று தொடங்கி ஆறு வரியில் முடித்து, கையை எடுத்துத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

திகதிக்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக இருந்தது. அவள் விடவேண்டுமென்று விடவில்லை. கை விட்டிருந்தது.

அந்தத் தாளைக் கிழித்தாள். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து இருந்தாள். திரும்ப எழும்பினாள்.

"என்னகா, கலியாண அழைப்பா எழுதுற?" என்றான் கணவன் முபீன். ஒலுவில் துறைமுக வாயில் மண் மூடியதிலிருந்து அவனுடைய படகு கரையில்தான் கிடக்கிறது. வீட்டில் மாதச் சம்பளம் அவளுடையது மட்டும். "ஒரு கொப்பி முடியப் போகுது."

"வேலை போனா என்ன செய்வீங்க?"

"நீயும் ஒலுவிலுக்கு வா. மண்ணள்ளுவம். அங்கயும் ஆள் பத்தாது." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்தினான். "எழுது. மூணரைக்குள்ள எழுதினா போஸ்டொபிஸ் தொறந்திரிக்கும்."

அவள் வரிக்கு வரி ஒட்டி எழுதினாள்.

"2.40க்குப் பிரிவில் வைத்தியர் எவரும் இருக்கவில்லை. எனக்கு எந்தக் கட்டளையும் கிடைக்கவில்லை. நானே செய்தேன். முதல் தரம் குழாய் உணவுக் குழாய்க்குள் போனது. இருபது செக்கனில் அறிந்து கழற்றி மறுபடி போட்டேன். இதை நான் படித்துப் பழகவில்லை; பார்த்துப் பழகினேன். நோயாளி பிழைத்தார் என்பதால் இது சரியான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வைத்தியரை அனுப்புங்கள். அல்லது தாதியருக்கு முறையாகக் கற்பித்து, எது செய்யலாம் எது கூடாது என்று எழுத்தில் தாருங்கள். எங்கள் பதிவுகளில் ஒப்பங்கள் உரிய நேரத்தில் இருப்பதற்குக் காரணம், நாங்கள் இடம் விட்டு எழுதியதே. அப்படி இடம் விட்டவர்களில் நான் முதலாவது ஆள்."

இரண்டு பிரதி எழுதி ஒப்பம் வைத்த பிறகும் கடித உறைகளை ஒட்டவில்லை. அத்தியட்சகரின் ஊடாகப் போகவேண்டிய பிரதியை ஒரு உறையிலும், நேரே பதிவுத் தபாலில் மேலிடத்துக்குப் போகும் பிரதியை இன்னொன்றிலும் வைத்தாள். ஸாஜித்துக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாள்: "டொக்டர், உங்கட பேர நான் போடல்ல. ஆனா கேட்டா செல்லத்தான் வேணும். மன்னிச்சுக் கொள்ளுங்க."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. மூன்று பத்து. மூன்று பதினைந்து. முபீன் வாசலில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நின்றான். அவள் பர்தாவைச் சரிசெய்து ஏறினாள்.

கல்முனைப் பிரதான வீதியில், தபால் கந்தோருக்கு ஐந்து கடை தள்ளிப் போகும்போது தொலைபேசி அதிர்ந்தது. ஒரு படம். தியேட்டர் பதிவேட்டின் பக்கம்: டிசம்பர் ஒன்பது, சிசேரியன், 2.05 முதல் 3.30 வரை, மயக்க மருந்து வழங்கியவர் ஸாஜித், ஒருவர் மட்டும். கீழே எழுதியிருந்தார்: "இதையும் வைங்க. பேரப் போடுங்க மிஸ். ஒரே நேரத்துல நான் ரெண்டு எடத்துல நிக்கல்லண்டு எழுத்தில கிடக்கட்டும்."

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று முபீனின் முதுகில் அடித்தாள்.

ஃபோட்டோக் கொப்பிக் கடையில் படத்தை இரண்டு தாளில் எடுத்தாள். கடைக்காரரின் பேனாவை வாங்கி, இரண்டு கடிதத்திலும் முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் "டொக்டர் ஸாஜித் அந்நேரம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கடமையில் இருந்தார்; இணைப்பு 1" என்று சேர்த்தாள். இடம் காணாமல் எழுத்து ஓரத்தில் நெருங்கி ஏறியது. அவளுடைய எழுத்து இப்படிக் கோணி அவள் கண்டதில்லை.

தபால் கந்தோரில், அத்தியட்சகருக்கான உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினாள். உத்தியோகத்தர் தராசில் வைத்துவிட்டு உறையைத் திருப்பிக் காட்டினார். "மிஸ், ஒட்டல்ல."

பசைப் போத்தல் வாயில் காய்ந்துபோயிருந்தது. சரீபா விரல் நகத்தால் பசையைச் சுரண்டி எடுத்து, மடிப்பில் பூசி, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடித்தாள். பையை அமுக்கியபோது எண்ணியதுபோல மனம் எண்ணத் தொடங்கியது. இருபதுக்கு வரும்போது உத்தியோகத்தர் கையை நீட்டினார். அவள் விட்டாள். அவர் இலக்கத் துண்டை ஒட்டி, முத்திரையை இரண்டு தரம் குத்தி, பின்னால் கிடந்த சாக்குக்குள் போட்டார். வெளியே சிவப்பு வான் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்து நின்றது. ஒருவர் வந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்.