ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்

ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன். வியாழன் பகல் ஒரு மணிக்கு முடியும்.

எங்கள் கணினியில் இருந்ததையெல்லாம் மூன்று ஆண்டுக்கு முன் நகலெடுத்து வைத்த காப்பு நாடா அது. எனக்கு வேண்டிய பட்டியல் அதன் கடைசியில் இருந்தது. அதற்கு முன்னால் ஆய்வகத்தின் பத்து ஆண்டுப் படிவங்கள், படங்களாக. நடுவில் தாண்டிப் போக அந்தப் பழைய இயந்திரத்தால் முடியாது. எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் கடைசிக்கு வரும்.

எங்களுடையது எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம். இரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு மஜ்ஜை பொருந்தும் ஆள் பல்கேரியாவில் எங்கேனும் உண்டா என்று மருத்துவமனைகள் கேட்டு எழுதும். நான் தேடிப் பதில் அனுப்புவேன். உண்டு, அல்லது இல்லை. நோயாளியின் பெயர் எங்களுக்கு வராது. ஓர் எண், ஆணா பெண்ணா, வயது, மஜ்ஜை பொருந்துமா என்று காட்டும் இரத்தக் குறிகள், அவ்வளவுதான்.

திங்களன்று கமேலியா பாகலோவா என்பவர் வந்திருந்தார். முப்பத்தாறு வயது, பேருந்து ஓட்டுநர். வீடு மாறிவிட்டதால் முகவரியைத் திருத்த வேண்டும் என்றார். ‘க. பாகலோவா’ என்று ஒரு பதிவுதான் இருந்தது. தொலைபேசி எண்ணைப் படித்துக் காட்டினேன்.

“அது எங்க கத்தரீனா நம்பரும்மா. ரெட்டைல அவ மூத்தவ. ஏழு நிமிஷம். அத வச்சே முப்பத்தாறு வருஷமா எனக்கு முன்னால நிக்கிறா. இங்கயும் வந்துட்டாளா?”

இருவரும் ஒரே நாளில்தான் இங்கே இரத்தம் கொடுத்தார்களாம், பதினான்கு ஆண்டுக்கு முன்பு. முகம்கூட ஒன்றுபோல இராது, இரத்தம் எங்கே ஒன்றாக இருக்கப்போகிறது என்றார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். அவர் போன பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று ஆண்டுக்கு முன் இரண்டு ஊர்களின் பட்டியல்களை ஒன்றாக்கினோம். கணிதத்தில் பட்டம் வாங்கி நான் சேர்ந்த முதல் வேலை. ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் இருந்தால் ஒரு பதிவு போதும். அதற்கு விதியை எழுதியது நான். குடும்பப் பெயர், பெயரின் முதல் எழுத்து, பிறந்த நாள், முகவரி. இந்த நான்கும் ஒன்றானால் ஒரே ஆள். புதியதை வைத்துக்கொள், பழையதை அழி. முழுப் பெயரும் அடையாள எண்ணும் பட்டியலில் இல்லை. அந்தரங்கம் காக்க என்று முதலில் வடிவமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

இங்கே பிள்ளைகளுக்குக் குடும்பத்து மூத்தவர் பெயரின் முதல் எழுத்தை எடுத்துப் பெயர் வைப்பார்கள். இரட்டையர் என்றால் பெரும்பாலும் இருவருக்கும் அதே எழுத்து. எனக்குத் தெரியாத விஷயமில்லை. நான் ஸ்லாத்தினா, என் தம்பி ஸ்லாத்கோ. விதி எழுதியபோது அது நினைவுக்கு வரவில்லை.

பதிவை அழிக்காமல், செல்லாதது என்று குறியிட்டு வைத்திருக்கலாம். கல்லூரியில் முதல் பருவத்திலேயே சொல்லித் தந்தார்கள். ஆனால் ஆண்டறிக்கைக்குச் சுத்தமான எண்ணிக்கை வேண்டியிருந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் நாற்பது விநாடியில் போயின. அன்று எனக்கு இனிப்பு வாங்கித் தந்தார்கள்.

பதிவகத்தின் தலைவர் டாக்டர் வெலிச்கோவ் புதன்கிழமை என் மேசைக்கு வந்தார்.

“ஒரு பொம்பளைக்காக ரெண்டு நாளா மிஷின ஓட்டிட்டிருக்கியா, ஸ்லாத்தே? ஒரு ஃபாரத்தக் குடுத்து மறுபடி எழுதச் சொன்னா அஞ்சு நிமிஷ வேலை.”

அழிந்தது சரியாகத்தான் அழிந்ததா என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். மற்றதை நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் 0261 என்ற எண்ணுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. ஆண், இருபத்தொன்பது வயது. இல்லை என்று எழுதினேன். மார்ச்சில் மறுபடி கேட்டார்கள், ஏப்ரலில் மறுபடி. பட்டியலில் புதிதாக யாரும் சேர்ந்திருக்கவில்லை. ஆனாலும் மூன்று முறையும் தேடினேன், மூன்று முறையும் இல்லை என்று எழுதினேன். இப்போது அக்டோபர். விதி எழுதியதிலிருந்து நான் இல்லை என்று பதில் அனுப்பிய நோயாளிகள் அறுபத்தொரு பேர். எனக்கு நினைவில் நின்றது அந்த ஓர் எண்தான். அவர் இன்னும் உயிரோடு இருந்தால், அழிந்தவர்களில் அவருக்குப் பொருந்தும் ஒருவர் இருந்தால், வியாழன் மாலையே தொலைபேசியில் சொல்லிவிடலாம். அப்படித்தான் மணிகளை எண்ணினேன்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் மரங்களிலும் வாசல் கதவுகளிலும் ஒட்டியிருந்த இறப்பு அறிவிப்புகளைப் படித்தேன். இறந்து நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு என்று இங்கே மறுபடி மறுபடி ஒட்டுவார்கள். படங்களைப் பார்க்கவில்லை, வயதை மட்டும் பார்த்தேன். எண்பத்தொன்று. எழுபத்து நான்கு. அறுபத்தாறு. அவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன்.

வியாழன் ஒன்றேகாலுக்குப் பட்டியல் வந்தது. அழிந்த ஒவ்வொரு பதிவின் இரத்தக் குறிகளையும், அதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட பதிவின் குறிகளோடு ஒப்பிட்டேன். ஆயிரத்து முந்நூற்றெட்டு ஜோடிகள் ஒத்துப்போயின. உண்மையிலேயே ஒரே ஆட்கள். நான்கு ஒத்துப்போகவில்லை.

அந்த நான்கு பேரையும் அறுபத்தொரு வேண்டுகோள்களோடு ஒப்பிட்டேன். மூவர் யாருக்கும் பொருந்தவில்லை. நான்காவது கமேலியா பாகலோவா. அவர் 0261க்குப் பொருந்தினார். பத்துக் குறிகளில் பத்தும். சொந்தச் சகோதரர்களுக்குள்ளேயே நால்வரில் ஒருவருக்குத்தான் அப்படி அமையும்.

மருத்துவமனையை அழைத்தேன். எண்ணைச் சொன்னேன். செவிலியர் தேடும் சத்தம் கேட்டது.

“அந்த ஃபைல ஜூன்லயே மூடியாச்சும்மா, அவர் தவறிட்டாரு,” என்றார். “எதுக்குக் கேக்குறீங்க?”

சரிபார்ப்புக்காக என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டாக்டர் வெலிச்கோவிடம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று நின்றிருந்தேன். திட்டவில்லை. ஆள் கிடைத்தவர்களிலேயே பாதிப் பேர்தான் பிழைக்கிறார்கள் என்றார். விதியைத் தானும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். நான் அந்தப் பாதியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நாலு பேரையும் திருப்பிச் சேத்துடு,” என்றார். “அந்தம்மாகிட்ட ஒண்ணும் பேசாத. நோயாளி பத்திக் கொடையாளர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. சொன்னா அவங்க தூக்கமும் போகும். வேற என்ன ஆகப்போகுது, சொல்லு?”

என் மேசைக்குத் திரும்பினேன். நான்கு பதிவுகளையும் சேர்த்தேன். அடையாள எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கினேன். எதையும் அழிக்காமல் குறியிட மட்டும் முடிகிற மாதிரி விதியை மாற்றினேன். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேர வேலை. மூன்று ஆண்டுக்கு முன்பும் அது இரண்டு மணி நேர வேலையாகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கமேலியா சீருடையோடு வந்தார். தாளில் சுற்றிய பனிட்சா ஒன்றை என் மேசையில் வைத்தார். சூடாக இருந்தது, பாலாடைக்கட்டி மணம் அடித்தது. உன்னைப் பார்த்தால் சாப்பிடுகிற ஆள் மாதிரித் தெரியவில்லை என்றார். திரையில் அவர் பதிவைக் காட்டினேன். முழுப் பெயர், புது முகவரி. படிவத்தில் கையெழுத்திட்டார்.

“இப்பத்தான் நான் பொறந்த மாதிரி இருக்கு,” என்று சிரித்தார். “தெரியாத நம்பர்ல போன் வந்தா இன்னும் பஸ்ஸ ஓரங்கட்டி எடுத்துப் பாக்குறேன், தெரியுமா? நீங்களா இருக்குமோன்னு. செல்போன் கம்பெனிக்காரன்தான் பேசுவான். உன்ன எவனுக்கும் வேண்டாம்டீன்னு கத்தரீனா கிண்டல் பண்ணுவா.”

பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். உடனே எழுந்துகொள்ளவில்லை.

“பதினாலு வருஷம்மா. ஒருத்தருக்குக்கூடவா நான் பொருந்தல?”

டாக்டரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் தாள் புரட்டும் சத்தம் நின்றது.

“பொருந்தினீங்க,” என்றேன்.

கமேலியாவுக்குக் கேட்கவில்லை. அவர் காதை அருகில் கொண்டுவந்தார். திரும்பவும் சொன்னேன்.

“பொருந்தினீங்க. இந்தப் பிப்ரவரில, ஒருத்தருக்கு. இருபத்தொம்பது வயசு. மூணு தடவ கேட்டாங்க. உங்க பதிவ நான் அழிச்சிருந்தேன். யாரும் இல்லன்னு மூணு தடவயும் எழுதினது நான்தான். அவர் ஜூன்ல இறந்துட்டார்.”