கேட்ச்சரின் காபி

பேஸ்பால் ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சுக்கு வந்த கேட்ச்சர் மெர்ல் ஹாட்ச்கிஸ் தன் காபி பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தான். காலி.

அது வெறும் காபி இல்லை. வயது முப்பத்தாறு. ஒஹாயோ வெயிலில் குத்துக்காலிட்டே பந்து பிடித்துத் தேய்ந்த முழங்கால்கள். ஆட்டத்துக்கு முன் ஊக்க மாத்திரைகளைப் பொடித்து அதில் கலந்துவிடுவான். பிடிபட்டால் ஆடத் தடை.

பெஞ்சின் கோடியில், பந்து எறியும் பிட்ச்சர் எசெக்கியேல் தவாரெஸ் பிளாஸ்க் மூடியில் மிச்சமிருந்ததை உறிஞ்சிக்கொண்டிருந்தான். டொமினிக்காக்காரன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் தூங்காமல் வந்தவன், தூக்கம் கலையட்டும் என்று ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே எடுத்துக் குடித்திருக்கிறான். தலைவலி மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் விழுங்குவான். இன்று அவன் எறிந்த பந்தை அடித்து எதிரணியில் ஒருத்தனும் முதல் பேஸுக்குக்கூட ஓடிச் சேரவில்லை. இன்னும் மூன்று இன்னிங்ஸ் இப்படியே போனால் பெரிய லீக்கில் இடம் நிச்சயம்.

உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் லெராய் வந்து மெர்லின் காதில் ஓதினான்.

"மருந்து சோதனைக்கு மூத்திரம் பிடிக்கிற ஆளு வந்து உக்காந்திருக்கான். நீ பயப்படாத, ஒன் பேரு இல்ல. தவாரெஸ் பேரு."

மெர்ல் எழுந்து கோடியை நோக்கி நடந்தான். மேனேஜர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா போற, கிறுக்கா? இன்னும் ஒரு அடி விழல. அவன்கிட்ட வாயத் தொறந்த, கொன்னுடுவேன்!"

அதுதான் வழக்கம். ஓர் அடிகூட விழாமல் எறிந்துகொண்டிருப்பவனிடம் யாரும் பேசக்கூடாது, பக்கத்தில்கூட உட்காரக்கூடாது. பேசினால் திருஷ்டி பட்டுவிடும். சொன்னால் மெர்லின் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் அந்தப் பையனின் பிழைப்பு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல் வழக்கம் வந்து நின்றது. மெர்ல் உட்கார்ந்தான். நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

யாராவது ஒருத்தன் அடித்துத் தொலைக்கக்கூடாதா என்று சொந்த அணிக்கு எதிராகவே வேண்டிக்கொண்டான். அடி விழுந்தால் பேசலாமே! ஆனால் எந்தப் பந்தை எறிவதென்று தவாரெஸுக்குச் சொல்லும் அவன் விரல்கள், அடிக்கவே முடியாத பந்தாகப் பார்த்துத்தான் சைகை காட்டின. பாழாய்ப்போன பழக்கம்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி ஆளும் வீழ்ந்தான். மைதானமே எழுந்து நின்று கத்தியது. தவாரெஸ் ஓடிவந்து மெர்லின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"பெரிசு! ஒன் வாய்க்குச் சர்க்கரை போடணும்! கடசி வரைக்கும் தொறக்கவே இல்லியே!"

பெஞ்சருகே சோதனைக்காரர் காத்திருந்தார். "மிஸ்டர் தவாரெஸ், என்கூட வாங்க."

"இதோ வந்துட்டேன் சார். பெரிசோட காபி வயிறு முட்ட இருக்கு!"

இனி ஒளிந்துகொள்ள வழக்கமும் இல்லை.

"அந்தக் காபில மருந்து இருந்துச்சு," என்றான் மெர்ல். "நான் கலந்தது. இவனுக்குத் தெரியாது."

சோதனைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "யாரு கலந்தாங்கன்னு அப்புறம் விசாரிப்பாங்க சார். உடம்புல இருந்தா, மாட்டுறது இவருதான்."

மெர்லின் தோளிலிருந்து தவாரெஸின் கை நழுவியது.

"நான் குடிச்சது எப்ப தெரியும் ஒனக்கு?"

"ஆறாவது முடிஞ்சப்பவே."

தவாரெஸ் கத்தவில்லை. கையிலிருந்த பந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப இன்னிக்கி எறிஞ்சது நானா, ஒன் காபியா?"