தப்பே இல்லங்கிறாப்ல

பேருந்து ஆரப்பாளையத்தை நெருங்கும்போது சாதிகாவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தோழி ஃபர்ஹா அனுப்பியிருந்தாள், கூடவே "நீயாடி இது?" என்று ஒரு வரி. மொத்தம் பதினோரு விநாடி. கல்லூரி மேடையில் நின்று சாதிகா சொல்கிறாள்: "யூதருங்க உலகம் பூரா வெரட்டுப்பட்ட சனம். ஒதுங்க சொந்தமா ஒரு நாடு கேட்டதுல தப்பே இல்ல."

அவள் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

வாய் அவளுடையது, வாதம் எதிரணியில் பேசிய விக்ரமுடையது. மத்தியானம் நடந்த விவாதத்தில் பாலஸ்தீனர் பக்கம் பேசியது அவள். பேராசிரியை தமிழ்வாணி ஒரு சட்டம் வைத்திருந்தார். எதிராளி சொன்னதை முதலில் நீ சொல்லிக்காட்ட வேண்டும். அந்த எதிராளி "ஆமா, அதேதான்" என்ற பிறகே மறுக்கலாம். அப்படித்தான் அவள் "தப்பே இல்லங்கிறாப்ல விக்ரம்" என்று முடித்து, அந்த நாட்டுக்காக வீடுவாசல் இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். விக்ரமும் அவள் கேள்வியை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னான். எல்லை விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒரு சனம் நிம்மதியாகத் தூங்க இன்னொரு சனம் தெருவுக்கு வரக்கூடாது என்பதில் ஒத்துப்போனார்கள். டீக்கடையில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் அந்த இடத்தை எட்டியே பார்த்ததில்லை.

எந்தப் புண்ணியவானோ "ங்கிறாப்ல"வுக்கு முன்னால் கத்திரி போட்டுவிட்டான். தமிழில் யார் சொன்னது என்பது கடைசியில்தானே வந்து தொலைகிறது.

பொம்பளைப்பிள்ளைக்கு வக்கீல் படிப்பு எதற்கு என்று கேட்ட தெருவோடு மல்லுக்கட்டி அவளைச் சேர்த்தவர் பெற்ற அத்தா முகைதீன் பிச்சை. இனி அவர் யாரிடம் வாய் திறப்பார்? வீடியோவைத் தெரு பார்த்தால் அவள் படிப்பு இதோடு சரி.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி, பை விற்கும் தன் கடையில் அத்தா அதே வீடியோவோடு போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் நம்பினார். ஆனால் அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"யூதருங்களுக்கு அங்க ஒரு அடி மண்ணு கெடையாதுன்னு போன்ல பேசும்மா. தெரு குரூப்ல போட்டுர்றேன், அதோட விட்டுருவாய்ங்க."

ஒரே வரி. சொன்னால் தப்பித்துவிடலாம். அவள் போனை வாங்கினாள். ரெக்கார்டிங்கை அழுத்தினாள். இந்த முறை பெயரை முன்னால் வைத்தாள்.

"நான் சாதிகா பேசுறேன். வெரட்டுப்பட்ட பாலஸ்தீன சனத்துக்கு அவுக மண்ணு வேணும். அதுக்காக நிப்பேன். யூத சனமும் அங்க பயமில்லாம இருக்கணும். ரெண்டும் என் பேச்சுதான்."

அத்தா அதை இரண்டு முறை கேட்டார். அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"இத எங்கனம்மா வெட்டுவாய்ங்க?"

"எங்கன வேணா வெட்டலாம் அத்தா."

அவர் அதை அப்படியே குரூப்பில் அனுப்பினார்.

"நாளைக்கு பஸ்ல தனியாப் போகாத. காலேஜ் வாசல் வரைக்கும் நானும் வாரேன்."